முகத்துக்கு இரண்டு பாயிண்ட்

உட்காரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்கார். ஜன்னலை மறைக்காமல் உட்கார்.

பெயர் என்ன சொன்னாய்? ஜெசிந்தா. சரி. மார்த்தா பொன்னுரங்கம் உனக்கு அத்தை, அப்பாவோடு பிறந்தவள். கோலார் தங்கவயலிலிருந்து இதற்காக ரயிலேறி வந்திருக்கிறாய். புயல் வருகிறது என்று காலையிலிருந்து ரேடியோவில் கத்துகிறான், அதிலும் வந்திருக்கிறாய். அவ்வளவு அவசரம்.

அவசரம் என்னவென்று போனிலேயே சொல்லிவிட்டாய். திரும்பச் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன், சரியா பார். எண்பத்தைந்தில் உன் அத்தை ஒரு படம் எடுத்து முடித்தாள். ‘கேஜ் மணி’. நாற்பது வருஷமாக அதைச் சீந்த ஆளில்லை. இப்போது வெளிநாட்டில் யாரோ தேடிப் பிடித்து, நெகட்டிவைச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அடுத்த மாதம் ஒரு பெரிய விழாவில் போடப்போகிறார்கள். எங்கள் லேப் அன்றைக்குப் போட்ட பிரிண்டைப் பார்த்து அதே மாதிரி செய்துவிட்டார்கள். உன் அத்தை அதைப் பார்த்துவிட்டு, “இது என் படம் இல்லை” என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாள். திங்கட்கிழமைக்குள் சரி செய்யாவிட்டால் விழாவில் படம் இல்லை. டாக்டர் சொல்வதைப் பார்த்தால் அடுத்த விழாவுக்கு அவள் இருக்கமாட்டாள். சரி செய்ய வேண்டுமென்றால் அவள் முகம் அசலாக விழுந்த நாலு பிரேம் பிலிம் வேண்டும். அது என்னிடம் இருக்கிறது.

இவ்வளவுதானே?

இருக்கிறது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? என்னோடு லேபில் இருந்தவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. மீதிப்பேருக்குத் தங்கள் பெயரே ஞாபகமில்லை. யார் சொன்னது?

சொல்லமாட்டாய். சரி. கேட்டுவிட்டுப் போ. நான் சொல்வதைக் கேட்டால்தான் எடுத்துத் தருவேன். நாற்பது வருஷமாக எல்லோரும் அவள் பக்கத்தைத்தான் பேசியிருப்பார்கள்.

அம்சா! காபி கொண்டுவா.

என் பெண். ஐம்பத்தேழு வயது. தபாலாபீசில் வேலை. இன்று லீவு போட்டிருக்கிறாள், எதற்கென்று தெரியவில்லை. பேசமாட்டாள். கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். அவளுக்காகத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டேன், அது கிடக்கட்டும்.

நீ நல்ல சிவப்பு. உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு நிறம் எங்கிருந்து வந்தது? என்ன சிரிக்கிறாய்? அத்தையைவிடக் கறுப்பா? போம்மா. எனக்குச் சிவப்பாகத்தான் தெரிகிறாய்.

நான் கிரேடர். என்னவென்று தெரியுமா? தெரிந்தாலும் கேள். கேமராமேன் எடுத்த நெகட்டிவ் லேபுக்கு வரும். அதிலிருந்து பிரிண்ட் போடும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் எவ்வளவு வெளிச்சம் விடுவதென்று எண் போடுகிறவன் கிரேடர். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மூன்று எண். ஒன்றிலிருந்து ஐம்பது வரை, ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். இருபத்தைந்து நடு. எண்ணை ஏற்றினால் படம் கறுக்கும். இறக்கினால் வெளுக்கும். வெளியாட்கள் தலைகீழாக நினைப்பார்கள். நீ ஞாபகம் வைத்துக்கொள்.

எண் சரியா என்று பார்க்க லேடி இருந்தாள். பிலிம் செய்கிற கம்பெனிக்காரன் அனுப்புவான். ஒரு வெள்ளைக்காரப் பெண், தோள் வரைக்கும், பக்கத்தில் சாம்பல் நிற அட்டை. நாலு பிரேம். எல்லா ரீலுக்கும் தலையில் அதை ஒட்டுவோம். தியேட்டரில் யாரும் பார்க்கமாட்டார்கள், எங்களுக்கு மட்டும். லேடி ரோஜாப்பூ மாதிரி வந்தால் ரீல் சரி. அவள் பெயர் என்ன, எந்த ஊர், யாருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருஷம் அந்த முகத்தைத்தான் பார்த்தேன். என் சம்சாரத்தை அவ்வளவு பார்த்ததில்லை.

இன்னொன்று. லேபில் ஒரு வழக்கம். எழுதிவைத்த சட்டமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொன்னார்கள், எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு நான் சொன்னேன். “முகம் வந்தா ரெண்டு இறக்கு.” அவ்வளவுதான் பாடம். இரண்டு பாயிண்ட் இறக்கினால் மாநிறம் சிவப்பாகும். ஹீரோயினுக்கு நாலு. வில்லனுக்கு வேண்டாம், அவன் அப்படியே இருக்கட்டும். ஒரு தயாரிப்பாளரும் ஏன் இறக்கினாய் என்று கேட்டதில்லை. ஏன் இறக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

நானும் கறுப்புதான். லேபில் கோதண்டபாணி என்ற பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கூப்பிடுவது “நெகட்டிவ்”. “டேய் நெகட்டிவ், இங்க வா.” நான் கோபப்பட்டதில்லை. தமாஷுக்குச் சொல்வார்கள். தமாஷ் தெரியாதவன் அங்கே காலம் தள்ள முடியாது. உன் அத்தைக்குத் தமாஷ் தெரியாது. முதல் நாளே பார்த்தேன்.

ஏப்ரல் மாதம். நல்ல வெயில். கேட்டில் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு பொம்பளை, கையில் இரண்டு டப்பா, தோளில் ஒரு பை. வாட்ச்மேன் மறிக்கிறான்.

“வேலைக்காரி வேஷமா? ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் ஸ்டுடியோவுக்குப் போகணும். இது லேப்.”

“நான் டைரக்டர்.”

“யாரு டைரக்டர்?”

“நான்தான்பா.”

“சரிம்மா, அவரு எப்ப வருவாரு?”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு வருகிற விஷயம்தானே? அவள் சிரிக்கவில்லை. டப்பா இரண்டையும் கீழே வைக்கவுமில்லை. வெயிலில் அப்படியே நின்றாள், எங்கள் லேப் சீஃப் வந்து உள்ளே விடச் சொல்கிற வரைக்கும். அரைமணி நேரம் இருக்கும்.

என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். அறை சின்னது, கறுப்புப் பெயிண்ட் அடித்தது. மூன்று வருஷம் எடுத்த படம் என்றாள். சுரங்கத்துக்குள் இறங்கியே எடுத்தார்களாம். கதை என்ன என்று கேட்டேன். சுரங்கத்தில் ஆட்களை இறக்குகிற லிப்டுக்குக் கேஜ் என்று பெயர், அது இறங்கும்போதும் ஏறும்போதும் மணி அடிக்கும். ஒரு நாள் இறங்கின கேஜ் ஏறவில்லை. மணி சத்தத்துக்காகப் பெண்கள் மேலே காத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பகல். அதுதான் படம். பாட்டு உண்டா என்றேன். இல்லை என்றாள். சண்டை? அதுவும் இல்லை.

பிறகு பையிலிருந்து ஒரு துண்டு நெகட்டிவை எடுத்தாள்.

“சார், உங்க லேடியை வெச்சுப் பார்க்காதீங்க. இதை வெச்சுப் பாருங்க.”

விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். ஒரு முகம், பக்கத்தில் சாம்பல் அட்டை. லேடியை எடுத்த மாதிரியே எடுத்தது. ஆனால் லேடி இல்லை.

“யாரும்மா இது?”

“நான்தான் சார்.”

“எங்க லேடிக்கு என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்லை. அந்தம்மா சுரங்கத்துல இறங்கினதில்லை.”

“கறுப்பா வருமேம்மா எல்லாம்.”

“நாங்க கறுப்புதான் சார்.”

அப்படிப் பேசுகிறவளிடம் என்ன சொல்வது? மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷாட் ஷாட்டாகப் பார்த்தோம். என் கை இறங்கும்போதெல்லாம் “ஏத்துங்க சார்” என்பாள். தொழில் தெரியாதவள் என்று சொல்லமாட்டேன். தெரிந்தது. அரைப் பாயிண்ட் வித்தியாசம் சொல்வாள். எங்கள் சீஃபுக்குக்கூட அது தெரியாது. ஆனால் சீஃப் வரும்போது எழுந்து நிற்கமாட்டாள். என்ன மனுஷி? நான் எழுந்து நிற்பேன், அவள் நாற்காலியில் இருப்பாள், சீஃப் என்னைத்தான் முறைப்பார்.

நாலாவது நாள் ஊரிலிருந்து தந்தி. அவள் அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. உன் தாத்தா. சுரங்கத்துக்காரர்களுக்கு அதுதானே வரும். கிளம்பினாள். டெல்லியில் பரிசுக் குழுவுக்குப் படம் அனுப்பக் கடைசித் தேதி எட்டு நாளில். அதனால் நாங்களே நேராக அனுப்பிவிடுவது என்று பேச்சு. வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: “சார், ஒரு நம்பர்கூட மாத்தாதீங்க. உங்களை நம்பித்தான் போறேன்.”

“சரிம்மா” என்றேன்.

சரி என்பது ஒரு பேச்சு. எல்லோரிடமும் சொல்வதுதான்.

காபி வந்துவிட்டதா? எங்கே வைத்தாள்? ஓ, இங்கே. குடி. அம்சா, நீ ஏன் அங்கேயே நிற்கிறாய்? போ.

அவள் போட்ட எண்ணிலேயே முதல் பிரிண்ட் போட்டேன். அதை மறந்துவிடாதே. போட்டேன். காலை ஆறு மணிக்கு லேபின் சின்னத் தியேட்டரில் நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். ஆப்பரேட்டர் படத்தை ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

என்ன சொல்வது. இருட்டுக்குள் இருட்டு. ஆனால் எல்லாம் தெரிந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேஜ் இறங்குகிறது, எட்டுப் பேர், தலையில் விளக்கு, எட்டு முகமும் வேறு வேறு. அப்புறம் மேலே பெண்கள். நாற்பது, ஐம்பது பேர். நான் பார்த்த எந்தப் படத்திலும் கூட்டம் என்றால் கூட்டம்தான், கறுப்பாக ஒரு மொத்தை. இதில் ஒவ்வொருத்தியும் தனியாக இருந்தாள். ஒருத்தி மாதிரி ஒருத்தி இல்லை. மணி அடிக்கவில்லை. அவர்கள் பேசவுமில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்கள், கேமராவை இல்லை, பள்ளத்தை. ஆனால் உட்கார்ந்திருப்பவனுக்கு அவனைப் பார்ப்பது மாதிரி இருக்கும். இரண்டாவது வரிசையில் ஒருத்தி, முந்தானையைச் சுருட்டித் தலையில் வைத்திருந்தாள், சுமை தூக்குகிறவள் மாதிரி.

என் அம்மா செங்கல்பட்டுப் பக்கம் சூளையில் கல் சுமந்தவள். லேபில் யாருக்கும் தெரியாது. மிராசுதார் வீட்டுக் கணக்குப்பிள்ளை மகன் என்று சொல்லி வைத்திருந்தேன். அவசியம் ஒன்றுமில்லை, பேச்சுவாக்கில் ஒரு நாள் சொன்னேன், அப்படியே நின்றுவிட்டது.

பயம் என்று சொல்லமாட்டேன். வேர்த்தது. ஏசி ஓடவில்லை போலிருக்கிறது.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் யோசித்தேன். இதை டெல்லிக்காரன் பார்த்தால் என்ன சொல்வான்? லேபில் கிரேடர் தூங்கிவிட்டான் என்பான். ஒரு முகமாவது பளிச்சென்று இருக்கிறதா என்பான். பெயர் யாருக்குக் கெடும்? அவளுக்கும்தான் கெடும். அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். ரீல் தலையில் ஒட்டியிருந்த அவள் நெகட்டிவ் துண்டை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். லேடியை ஒட்டினேன். லேடிக்குத் தகுந்தபடி எண்களை வைத்தேன். மொத்தப் படத்தையும் இறக்கினேன். இரண்டு போதவில்லை. நாலு போதவில்லை. ஏழு, எட்டு இறக்கினேன். புதுப் பிரிண்ட் அன்று சாயங்காலமே டெல்லிக்குப் போயிற்று. முதல் பிரிண்டை அழித்துவிடச் சொன்னேன். அதன் தலையிலிருந்து அவள் முகம் விழுந்த நாலு பிரேமை மட்டும் வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எதற்கு என்கிறாயா? எதற்கோ. தொழில்காரன் ஒரு மாதிரி வைத்துக்கொள்வான்.

முகம் தெரிந்தது இல்லையா? சொல். எல்லா முகமும் பளிச்சென்று தெரிந்தது. இருட்டு கொஞ்சம் சாம்பலாகிவிட்டது, சரி. ஒப்புக்கொள்கிறேன். சுரங்கம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி, புள்ளி புள்ளியாக. அவ்வளவு இறக்கினால் அப்படித்தான் வரும். அது என் தப்பா? அவள் இருட்டில் எடுத்தது தப்பு.

இரண்டு மாதம் கழித்து வந்தாள். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்திருந்தாள். கையில் டெல்லியிலிருந்து வந்த காகிதம். ஒரே வரி. “அச்சின் தொழில்நுட்பத் தரம் போதாது, இயக்குநருக்கு அடிப்படைப் பயிற்சி இல்லை.” திரும்பி வந்திருந்த அந்தப் பிரிண்டைச் சின்னத் தியேட்டரில் காட்டச் சொன்னாள். காட்டினோம். இரண்டாவது ரீலிலேயே நிறுத்தச் சொன்னாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். சீஃபும் அதற்குத் தயாராக இருந்தார்.

போடவில்லை. என் பக்கம் திரும்பினாள். எட்டுப் பேர் முன்னால், மெதுவாக, ஏதோ வழி சொல்கிற மாதிரி சொன்னாள்:

“எங்களை எப்படிப் பார்க்க ஆசைப்பட்டீங்களோ, இனிமே உங்களுக்கு அப்படியே தெரியட்டும் சார். எல்லாரும்.”

போய்விட்டாள். டப்பாவைக்கூட எடுக்கவில்லை.

இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. நான் அவளுக்கு உழைத்தேன். ராப்பகலாக எண் மாற்றினேன். ஒரு நன்றி இல்லை. எட்டுப் பேர் முன்னால் அந்த வார்த்தை. சீஃப் என்ன சொன்னார் தெரியுமா? “என்னடா நெகட்டிவ், சாபம் வாங்கிட்டியே.” எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேன். அப்புறம் அவள் எழுதின புகார்க் கடிதம் வேறு. என்னை சீஃப் கிரேடர் ஆக்க இருந்தார்கள். நாலு வருஷம் தள்ளிப் போயிற்று. அதை யாராவது பேட்டி எடுக்க வந்தார்களா?

அவளுக்கு அதற்குப் பிறகு படம் கிடைக்கவில்லை, தெரியும். தயாரிப்பாளர்கள் டீக்கடையில் பேசுவார்கள், “அந்தக் கோலார் பொம்பளையா? டெக்னிக்கல் ஒண்ணும் தெரியாதுப்பா. டெல்லியிலயே எழுதிட்டான்.” பக்கத்தில் நின்று நானும் டீ குடித்திருக்கிறேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல முடியுமா? ஊரோடு போய் கல்யாண வீடியோ எடுத்தாள் என்று கேள்வி. நல்லதுதானே, ஒரு தொழில்.

மேகம் கட்டுகிறதா? நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய். இருட்டிவிட்டது என்கிறாயா? எனக்கு உச்சி வெயில் மாதிரிதான் இருக்கிறது.

சாபம் கீபம் நான் நம்புகிற ஆளில்லை. இது கண் நரம்பு. டாக்டர் ஒரு பெயர் சொன்னான், அம்சாவுக்குத் தெரியும். புரை இல்லை, கண்புரையை முன்னாலேயே எடுத்தாயிற்று. எல்லோருக்கும் கண் போனால் இருட்டும் என்பார்கள். எனக்கு வெளுக்கிறது. ஆறேழு வருஷமாக. முதலில் தூரத்தில் இருப்பவர்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவர்கள். பஸ்ஸில் பார்த்தால் எல்லோரும் நல்ல சிவப்பு, ஒருத்தருக்கும் மூக்கு இல்லை. காய்கறிக்காரி வருவாள், குரலை வைத்துத்தான் அவள் என்று தெரியும். ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தேன். நானும் வெளுத்துவிட்டேன். லேடி மாதிரி.

சிரிக்கலாம். தமாஷுக்குத்தான் சொன்னேன்.

அம்சா இன்னும் கதவு ஓரத்தில்தான் நிற்கிறாள், இல்லையா? மூச்சு கேட்கிறது. கேட்கட்டும். இதையும் சொல்லிவிடுகிறேன், என்னைக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு போகாதே. இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது போட்டோவை நானே பிரிண்ட் போட்டேன். லேபில், தனியாக உட்கார்ந்து. பெற்ற மகள் இல்லையா, நாலு இறக்கினேன். அருமையாக வந்தது. காட்பாடியிலிருந்து ஒரு குடும்பம், போட்டோ பார்த்ததும் புறப்பட்டு வந்துவிட்டார்கள். இவள் காபித் தட்டோடு வந்து எதிரில் நின்றாள். பையனின் அம்மா காபியை எடுத்துக்கொண்டு சொன்னாள், “சரி, பொண்ணைக் கூப்பிடுங்க.”

இவள் நின்றுகொண்டிருந்தாள்.

மூன்று இடம் அப்படி வந்தது. நாலாவதுக்கு இவள் வெளியே வரவில்லை. நான் இன்னும் நன்றாக இறக்கியிருக்க வேண்டும். இல்லை, கொஞ்சம் குறைவாக. எது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஜனங்கள் மோசம், வேறென்ன.

சரி, சரி. கேட்டதைத் தருகிறேன். நேரமாகிறது, எனக்கும் அலுப்பாக இருக்கிறது.

ஜன்னலைப் பார். இடது பக்கக் கண்ணாடி, என் தலை உயரத்துக்கு. டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். ரிட்டயர் ஆனதிலிருந்து அங்கேதான் இருக்கிறது. டப்பாவில் வைத்தால் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே என்றால் வானத்து வெளிச்சத்தில் அப்படியே தெரியும். தினமும் காலையில் பார்ப்பேன். இன்று காலையில்கூடப் பார்த்தேன். இடது கன்னத்து மேட்டில் ஒரு பளபளப்பு. மேலுதட்டில் வேர்வை. அட்டையைப் பிடித்த கட்டைவிரலில் நகம் உடைந்திருக்கும். கண் நேராக இருக்கும். பார்.

பார்த்தாயா?

ஏன் அவ்வளவு கிட்டே போகிறாய்?

ஒன்றுமில்லையா? என்ன ஒன்றுமில்லை? சரியாகப் பார். ஓரத்தில் ஓட்டை இருக்கிறதா, வரிசையாக? இருக்கிறது இல்லையா? அப்போது அதுதான். நடுவில் பார். வெறும் கண்ணாடித்தாள் மாதிரியா?

நகர். நான் தொட்டுப் பார்க்கிறேன். இதோ டேப். இதோ ஓட்டை. இதுதான். இதுதானே. இதில் இருந்ததே.

வெயில் பட்டால் பிரிண்டில் சாயம் போகும். எனக்குத் தெரியாதா? லேபில் நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன், வெயிலில் வைக்காதே என்று. தெரியும். பார்க்க வேண்டியிருந்தது, அதனால் வைத்தேன். எந்த வருஷம் போயிற்று என்று தெரியவில்லை. எனக்கு முகம் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

அழாதே. அழுகிற சத்தம் எனக்கு ஆகாது.

நெகட்டிவ் இருக்கிறது என்றாய் அல்லவா? லேடியை நான் எந்த எண்ணில் வைத்தேன், உன் அத்தையை முதலில் எந்த எண்ணில் வைத்தேன், இரண்டும் தெரிந்தால் கம்ப்யூட்டர்காரனால் கொண்டுவர முடியுமா? கேட்டுச் சொல். கேட்க வேண்டாம், முடியும். எனக்குத் தெரியும். நெகட்டிவ் பொய் சொல்லாது.

எழுதிக்கொள். பேனா இருக்கிறதா?

லேடி, இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து. மார்த்தா, முப்பத்துமூன்று, முப்பத்தொன்று, முப்பத்துநான்கு. சிவப்பு, பச்சை, நீலம், அந்த வரிசையில். திரும்பச் சொல்லவா? முப்பத்துமூன்று, முப்பத்தொன்று, முப்பத்துநான்கு. கேஜ் இறங்குகிற ஷாட்டுக்கெல்லாம் அதற்கு மேல் ஒன்று. பெண்கள் நிற்கிற இடத்தில் அப்படியே. எப்படி ஞாபகம் என்று கேட்காதே. இருக்கிறது.

எழுதிவிட்டாயா? படி. சரி. சரிதான்.

இப்போது அதன் கீழே ஒரு கோடு போட்டு இதையும் எழுது. கோதண்டபாணி சொன்னார் என்று எழுது. பெண்கள் முகத்துக்கு மட்டும் அதிலிருந்து இரண்டு இறக்கிக்கொள்ளச் சொல். இரண்டே இரண்டு. பெரிய விழா, வெளிநாட்டுக்காரன் உட்கார்ந்து பார்க்கப்போகிறான். முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தால்தான் உன் அத்தைக்குப் பரிசு கிடைக்கும். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

யாரது?

யார் எழுதாதே என்றது? உன் குரல் இல்லை இது.

அம்சாவா?

என்ன சொன்னாய்? திரும்பச் சொல். “முதல்ல சொன்னதுதான் சரி. தினம் காலையில ஜன்னல்கிட்ட உட்கார்ந்து அந்த நம்பரைத்தான் சொல்லிக்கிட்டிருப்பார்.” நான் சொல்வேனா? நானா?

ஓ. நீதானா அவர்களுக்கு எழுதினது. இந்த வீட்டிலிருந்தே கடிதம் போயிருக்கிறது. தபாலாபீஸ்காரி இல்லையா. அந்தப் பிலிமில் ஒன்றுமில்லை என்றும் உனக்குத் தெரியும். தெரிந்துதான் வரச் சொல்லியிருக்கிறாய். என்னைப் பேச வைக்க. ஒரு வார்த்தை என்னிடம் சொன்னாயா, அப்பா அது வெளுத்துப் போயிற்று என்று? எத்தனை வருஷமாகத் தெரியும் உனக்கு?

பதில் வராது. கேட்டால் பதில் வரும் என்று சொன்னேன், அதுவும் இன்று வராது.

எழுந்துவிட்டீர்களா? குடை எடுக்கிற சத்தம் கேட்கிறது. எங்கே, ஸ்டேஷனுக்கா? மழை பிடித்துக்கொள்ளும். அவளை ரயிலேற்றிவிட்டு வந்துவிடுவாய் அல்லவா? அம்சா? ராத்திரிக்குள் வந்துவிடுவாய் அல்லவா?

கதவைத் திறந்தது யார்? மூடுங்கள். கண் கூசுகிறது.

இருங்கள். வாசலில் இரண்டு பேர் நிற்கிறீர்கள். இரண்டும் ஒரே வெளுப்பாக இருக்கிறது. ஒரே உயரம். அசையாமல் நிற்காதீர்கள். அம்சா, ஒரு வார்த்தை பேசு.

எது நீ?